சென்னைப் பல்கலைக்கழகக் கட்டுரையில் எந்த இணைப்பு இருக்கலாம்?

விக்கிப்பீடியாவில் சென்னைப் பல்கலைக்கழகக் கட்டுரைக்கு நீங்கள் சேர்த்த வெளி இணைப்புகளில் (பிற தளங்களுக்குப் போகும் இணைப்புகளில்) ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் நீக்கியது சரிதான். தேர்வு முடிவு, சேர்க்கை, துறைப் பக்கங்கள் எல்லாம் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே போய்ச் சேரக்கூடியவை. அந்த ஒரு முகவரி போதும். பயிற்சி மையங்களின் இணைப்பு வேண்டவே வேண்டாம்.

தமிழ் லெக்சிகன் இணைப்பு அருமையானது, அதைக் கைவிட எனக்கும் மனசில்லை. ஆனால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்த அகராதிக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. அகராதியில் சொற்களைத் தேட உதவும் சிகாகோ பல்கலைக்கழகப் பக்கத்தை அங்கே வையுங்கள். அப்புறம், பல்கலைக்கழகத்தை நிறுவிய 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரையை வெளி இணைப்பாக்காமல் வரலாற்றுப் பகுதியில் சான்றாகக் கொடுங்கள். வாசகர் அதைத் தேடுவது அங்கேதான்.