மூன்று புட்டி சாயம் போதும்: வீட்டில் துணிக்கு நிறம் கலப்போருக்கான கேள்வி-பதில்

மஞ்சளும் நீலமும் சமமாகக் கலந்தேன். கிளிப்பச்சை வரவில்லை, நீலம் தூக்கலாக நிற்கிறது. ஏன்? (காட்பாடி)

மஞ்சளுக்கு வலு குறைவு. நீலம் கொஞ்சம் கூடினாலும் அதை அமுக்கிவிடும். அதனால் மஞ்சளில் தொடங்கி நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நீலத்தில் மஞ்சளைக் கொட்டிச் சரிசெய்யப் பார்த்தால் பொடிதான் தீரும்.

ஸ்பூன் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஸ்பூனில் ஒரு பொடி அழுந்தி நிற்கும், இன்னொன்று பொலபொலவென்று இருக்கும். சின்ன மின்தராசில் 2 கிராம் ரியாக்டிவ் சாயப்பொடி (பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம்) எடுத்து, 100 மில்லி வரும்படி தண்ணீரில் கரையுங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று புட்டி. ஊசி இல்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்தால் அதில் 0.2 கிராம் சாயம் இருக்கும். 9 மில்லி மஞ்சளுக்கு 1 மில்லி நீலம், அடுத்து 8க்கு 2, 7க்கு 3 என்று கலந்து, சோடா ஆஷ் (சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் காரப்பொடி) சேர்த்துப் பழைய வேட்டித் துண்டுகளில் நனைத்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அழியாத மையில் விகிதத்தை எழுதிவிடுங்கள். அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும். ஈரத்தில் எந்த நிறமும் அடர்த்தியாகத்தான் தெரியும்.

கடையில் ‘பச்சை’ என்று தரும் பொடியே பல நேரம் கலவைதான். ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள், உள்ளே இருக்கும் மஞ்சளும் நீலமும் தனித்தனிப் புள்ளியாக விரியும். இருபது டப்பா வாங்குவதைவிட மூன்றை நன்றாகப் பழகுவதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான். பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

மயில்கழுத்து நிறத்துக்கு எதையும் எதையும் கலக்க வேண்டும்? (ஆரணி)

ஆரணியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உங்கள் ஊர்த் தறியிலேயே விடை இருக்கிறது. மயில்கழுத்து ஒரே தொட்டியில் பிறக்கும் நிறமில்லை. பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம். சேலையைத் திருப்பத் திருப்ப ஒன்று முந்தும், மற்றொன்று பின்வாங்கும். நூலாகப் பக்கம் பக்கமாக இருக்கும்வரை இரண்டுக்கும் உயிர் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பாவும் ஊடையுமாக வைத்தால் மினுக்கும், அதே இரண்டையும் தண்ணீரில் கலந்தால் மண்பழுப்புதான் வரும்.

நெய்து முடிந்த வெள்ளைத் துணியில் அந்த மினுக்கம் வராது. ஆனால் அதற்குப் பக்கத்தில் போகலாம். நனைத்த துணியைக் கசக்கி ஒரு தட்டில் நெருக்கமாக வைத்து, மடிப்புகளில் நீலமும் பச்சையும் தனித்தனியாக ஊற்றுங்கள். கிளறாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து சோடா ஆஷ் கரைசலை மேலே ஊற்றி மூடி வையுங்கள். கலந்த இடம், கலக்காத இடம் இரண்டும் இருப்பதுதான் அதன் அழகு.

கலவை அருமையாக வருகிறது, முதல் துவையலிலேயே பாதி போய்விடுகிறது. (குடியாத்தம்)

நீங்கள் போட்டது என்ன சோடா? ரியாக்டிவ் சாயம் பருத்தியைப் பிடிக்க சோடா ஆஷ் வேண்டும், லிட்டருக்கு 20 கிராம் வரை. பளிங்காக விற்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீர்தான், அதனால் அதே வேலைக்கு 54 கிராம் தேவை. ஆப்பசோடா இந்தக் குளிர்முறைக்கு ஆகாது. சோடா சேர்த்த கரைசல் தண்ணீரோடும் வினைபுரிந்து வலுவிழக்கும், எடுத்து வைத்து மறுநாள் பயன்படுத்தினால் நிறம் பிடிக்காது. புதுக் காடாத்துணியானால் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைத்து, கஞ்சியை முழுக்க எடுத்துவிடுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். போர் தண்ணீர் கடின நீராக இருந்தால் அதிலுள்ள கால்சியம் சோடாவோடு சேர்ந்து வெள்ளையாகத் திரியும், நிறம் மங்கும். சாயம் கரைக்க மட்டுமாவது மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள்.

ஊதா கலந்தால் ஓரத்தில் ரோஸ் பிரிகிறது. (வாலாஜா)

சிவப்பு சட்டென்று பிடித்துக்கொள்ளும், டர்க்காய்ஸ் நீலம் நிதானம். அது பிடிப்பதற்குள் நகர்ந்துவிடுகிறது. கரைசலை வெதுவெதுப்பாக வைத்து, உப்பு போட்டு, சோடாவைப் பிந்திச் சேருங்கள். நம் ஊர் வெயில் இதற்கு நல்ல துணை. பிரிவு பிடித்திருந்தால் அப்படியே விடலாம், எனக்குப் பிடிக்கும்.

பாலியஸ்டர் சட்டைக்கு இதே சாயம்? (ஆம்பூர்)

பிடிக்காது.

சமையல் மஞ்சளோடு நீலம் சேர்த்துப் பச்சை எடுக்கலாமா? (சத்துவாச்சாரி)

வரும், நிற்காது. மஞ்சள்தூள் நிறம் வெயிலில் வெளுக்கும், சோடாவோ சோப்போ பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஒருநாள் விழாத் துணிக்குச் சரி.

மிச்சச் சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? (ராணிப்பேட்டை)

கிணற்றோரம், ஓடை, செடி மூன்றும் வேண்டாம். அதில் உப்பும் சோடாவும் இருக்கின்றன. பாலாற்றுக்கரைத் தோல் ஆலைக் கழிவுநீருக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அந்த மண்ணில் வாழும் நாம் ஒரு வாளி என்றாலும் யோசித்துத்தான் ஊற்ற வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால், நிறையத் தண்ணீர் சேர்த்து அதில் விடுங்கள்.

அதைவிட, மிச்சமே இல்லாதபடி கலப்பது நல்லது. சோடா சேராத புட்டிக் கரைசல்கள் மிஞ்சினால் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றுங்கள். பழுப்பும் சாம்பலுமாக ஒரு நிறம் வரும், தலையணை உறைக்கு அது நன்றாகப் பொருந்தும்.