சாயத்தைப் பிரிக்கும் பாக்டீரியா: சிங்கப்பூரில் இதைப் படித்தால் வேலை உண்டா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள், துணிச்சாயக் கழிவுநீரைப் பாக்டீரியாவால் சுத்தப்படுத்தும் திட்டப்பணியை எடுத்திருக்கிறார். "இங்கே சாயப்பட்டறை எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், அம்மா. ஆனால் இங்கு தொழிற்சாலைகள் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடுமுன், பொதுவாகச் சிஓடி (நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள்ளும், பிஎச் (அமில-கார அளவு) 6 முதல் 9 வரைக்குள்ளும் இருக்க வேண்டும். இதைக் கவனிக்க நுண்ணுயிர்களை வளர்க்கவும் அளக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். சாயம் அதற்கு நல்ல பயிற்சிக்களம், கண்ணுக்குத் தெரிகிறதே!

கண்ணுக்குத் தெரிவதில்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். இனி வருவதை மகளிடம் காட்டுங்கள்.

ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற அசோ சாயத்தில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தால் நிறம் போய்விடும். அதை அறுக்க எலக்ட்ரான் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரானை அதுவே பறித்துக்கொள்ளும். குடுவையை ஷேக்கரில் வேகமாகச் சுழற்றிவிட்டு "என் பாக்டீரியா வேலை செய்யவில்லை" என்று புலம்புவது அதனால்தான். லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் சாயம், கொஞ்சம் குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு சேர்த்து அசைக்காமல் வையுங்கள். மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல் தெளிவின் நிறத்தை, இந்தச் சாயம் ஒளியை அதிகம் உறிஞ்சும் 597 நானோமீட்டர் அலைநீளத்தில் அளவிடுங்கள். அடியில் தங்கிய செல்கள் கருநீலமாக இருந்தால் சாயம் சிதையவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒப்பிடுவதற்குச் செத்த செல்கள் போட்ட ஒரு குடுவையும், செல்லே இல்லாத ஒரு குடுவையும் பக்கத்தில் கட்டாயம் வேண்டும். இவை இல்லாத அறிக்கையை நான் மதிக்கமாட்டேன்.

நிறம் போன பிறகு மிஞ்சுவது அரோமாட்டிக் அமீன்கள் என்னும் சாயத் துண்டுகள். நிறமற்றவை, சில நச்சுத்தன்மை கொண்டவை. சிஓடி அவ்வளவாகக் குறைந்திருக்காது. அடுத்த கட்டத்தில் காற்றூட்டினால்தான் இவற்றில் பல சிதையும். பிளாக் 5-இல் ஒரு வேடிக்கை: காற்றுப் பட்டதும் ஓர் அமீன் தானே ஆக்சிஜனேறி மறுபடி கருக்கும். அதைத் தோல்வி என்று அறிக்கையிலிருந்து மறைக்கவேண்டாம், காரணத்தை எழுதட்டும்.

உப்பைப் பாக்டீரியா தொடாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றும் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு இருக்கும். திருப்பூர்ப் பட்டறைகளை 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபின், உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடு பரவலும் (அழுத்தத்தால் நீரை மட்டும் சவ்வு வழியே தள்ளும் முறை) ஆவியாக்கியும் அங்கே தவிர்க்க முடியாதவை ஆயின. அந்தச் சவ்வுத் தொழில்நுட்பமே இங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீருக்கும் அடிப்படை. ஆகவே மகள் விருப்பப் பாடமாகச் சவ்வுப் பிரிப்பை எடுத்தால் கதவுகள் அதிகம் திறக்கும்.

பட்டப்படிப்புக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகத்திலோ சுற்றுச்சூழல் பொறியியலைப் பாருங்கள். சேறு நாற்றமும் வார இறுதியில் குடுவை பார்க்கப் போவதும் பிடிக்காதென்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சம்பளத்துக்காக மட்டும் இதில் நுழைந்தவர்கள் நிலைப்பது கடினம்.