ஒரே சட்டி, வேறு வேறு கூலி

கே: எங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கலவைச் சட்டியைத்தான் சுமக்கிறார்கள், சனிக்கிழமை கூலி மட்டும் பெண்ணுக்குக் குறைவு. இதற்குச் சட்டமே கிடையாதா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

ப: 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டதே, இப்போது அந்த விதி 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது! ஆனால் பெரும்பாலும் புகார் தரவேண்டியவர் அந்தச் சித்தாள் அக்காதான், தந்தால் மறுநாள் வேலை இருக்குமா? அமெரிக்காவில் 1963-ல் பெண்களுக்காகவும் 1964-ல் நிறவேற்றுமைக்கு எதிராகவும் சட்டம் போட்டார்கள், அப்புறமும் லில்லி லெட்பெட்டர் என்ற டயர் ஆலை மேற்பார்வையாளருக்கு, தன் சம்பளம் குறைவு என்பதே ஒரு மொட்டைச் சீட்டு வந்துதான் தெரிந்தது, அதற்குள் கிட்டத்தட்ட 20 வருஷம் போய்விட்டது. ஐஸ்லாந்து 2018-ல் இதைத் திருப்பிப் போட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், சமமாகத்தான் தருகிறோம் என்று தானே நிரூபிக்க வேண்டும். நமக்கும் அதுபோல, சித்தாளின் புகாருக்குக் காத்திருக்காத முறைதான் வேண்டும். மேஸ்திரியின் கூலி நோட்டை அதிகாரி நேரில் வந்து புரட்டிப் பார்க்கட்டும்.