நூறாவது பக்கத்தில் நின்றுபோன 'போரும் வாழ்வும்'

கேள்வி: டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் நூறு பக்கத்துக்குள் மூடி வைத்துவிட்டேன். விருந்து, பேச்சு, மறுபடி விருந்து. யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. எனக்குத்தான் ரசனை போதவில்லையா? – வாசகி, கும்பகோணம்

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. 1805 ஜூலையில், பீட்டர்ஸ்பர்க்கில் அன்னா பாவ்லவ்னா வீட்டு விருந்தில் கதை தொடங்குகிறது. முன்பின் தெரியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். கல்யாண வீட்டில் எல்லார் பெயரையுமா கேட்டு வைத்துக்கொள்கிறோம்? பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார் என்று தெரிந்தால் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறோம். இங்கே ஐந்து பேர் போதும்: பியேர், ஆந்த்ரேய், அவன் தங்கை மரியா, நதாஷா, அவள் அண்ணன் நிக்கலாய். மற்றவர்கள் திரும்ப வரும்போது தெரிந்துகொள்ளலாம்.

குழப்பத்தில் பாதி பெயரால் வருவது. ரஷ்யப் பெயரில் தகப்பன் பெயர் நடுவில் நிற்கும். நம் இனிஷியலை விரித்து எழுதியது போல. நதாஷாவின் முழுப்பெயர் நதாலியா இல்யினிச்னா ரஸ்தோவா, அதாவது இல்யாவின் மகள், ரஸ்தோவ் வீட்டுப் பெண். 'நதாஷா' செல்லப்பெயர். ஓர் அரைத் தாளில் ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெசூகவ், குராகின் என்று நான்கு குடும்பத்தை எழுதி, ஒவ்வொருவருக்கும் உள்ள எல்லாப் பெயரையும் ஒரே வரியில் போட்டுப் புத்தகத்துக்குள் வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலில் யார் யாரை மணக்கிறார், யார் சாகிறார் என்பதும் இருக்கும். அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது வேகம். மொத்தம் சுமார் 360 அத்தியாயங்கள். பெரும்பாலும் நாலைந்து பக்கம்தான். நாளைக்கு ஒன்று என்று ஒரு வருடம் இழுத்தால், திரும்பி வருகிற ஆளை மறந்திருப்பீர்கள். நாளைக்கு மூன்று என்றால் நான்கு மாதத்தில் முடியும்.

கைவிடுவதாக இருந்தாலும் சீட்டாட்டக் காட்சியைப் படித்துவிட்டுக் கைவிடுங்கள். இரண்டாம் தொகுதி, முதல் பாகம், 13 முதல் 16 வரை நான்கே அத்தியாயம். அப்பா கொடுத்த 2,000 ரூபிளோடு, வசந்தகாலம் வரை இனிக் கேட்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்த நிக்கலாய், தோலகவ் என்ற ராணுவ அதிகாரியிடம் சீட்டில் தோற்றுக்கொண்டே போகிறான். தோலகவ் 43,000 வரை விடுவதில்லை. அது என்ன கணக்கு? தோலகவின் வயதையும், அவனை மணக்க மறுத்த, ரஸ்தோவ் வீட்டில் வளரும் சோன்யாவின் வயதையும் கூட்டினால் 43. நிக்கலாய் வெளிறிப்போய் வீடு திரும்பினால் நதாஷா பாடிக்கொண்டிருக்கிறாள். அவள் உச்ச ஸ்வரத்தைத் தொடும்வரை கடன், அவமானம் எதுவுமே அவன் நினைவில் இல்லை. இந்த இடமும் உங்களுக்குச் சப்பென்று இருந்தால் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கேள்வி: போர் அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. வரைபடத்தை விரித்துக்கொண்டு படிப்பதால்தான் அலுப்பு. எந்தப் படை எந்தப் பக்கம் என்பது களத்தில் நிற்பவனுக்கே தெரியாது. டால்ஸ்டாய் காட்டுவதே அதைத்தான். ஷோன்கிராபென் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் ஓடிவரும்போது, எல்லாரும் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற என்னையா கொல்ல வருகிறார்கள் என்று நிக்கலாய்க்குத் தோன்றுகிறது. துப்பாக்கியைச் சுடாமல் அவர்கள் மேல் வீசி எறிந்துவிட்டு ஓடுகிறான்.

முதல் வாசிப்பில் தாண்டலாம் என்றால் முடிவுரையின் இரண்டாம் பகுதியை மட்டும். அந்த 12 அத்தியாயங்களும் வரலாறு எதனால் நகர்கிறது என்ற வாதம். கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கேள்வி: தமிழிலா, ஆங்கிலத்திலா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: தமிழில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆங்கிலம் என்றால் மாட் தம்பதியுடையது. அதில் ஆந்த்ரேய் 'ஆண்ட்ரூ', நிக்கலாய் 'நிக்கலஸ்', மரியா 'மேரி' ஆகிவிடுவார்கள். சிலருக்கு அது உறுத்தும். பெயரில் தடுக்கி விழுகிறவர்களுக்கு உதவி. பிரெஞ்சு உரையாடலை அப்படியே விட்டு அடிக்குறிப்பில் பொருள் தரும் பதிப்புகளும் உண்டு. முதல் பக்கமே பிரெஞ்சில் தொடங்கும். எனவே வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள்.