சீலைப்பேன் பெயரில் ஒரு சங்கம்

ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பிய பிறகு வி.எஃப்.டபிள்யூ.வில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் போர்களுக்குப் போய்வந்த அமெரிக்கப் படைவீரர்களின் சங்கம் அது, 1899-இல் தொடங்கியது. அதற்குள்ளேயே 'கூட்டி' என்று ஒரு குறும்புக்காரக் கூட்டம் உண்டு. அதிலும் இருக்கிறேன். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணா, 'கூட்டி' என்றால் என்ன?

சீலைப்பேன்! முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களின் சட்டைத் தையலுக்குள் குடியிருந்ததே, அதுதான். மெழுகுவர்த்திச் சுடரைத் தையலோரமாக ஓட்டிப் பேனைப் பொரித்தவர்கள், ஊர் திரும்பி 1920-இல் அதன் பெயரிலேயே சங்கம் வைத்தார்கள். கிளைக்குப் பெயர் 'பப் டென்ட்', அதாவது இரண்டு பேர் படுக்கும் குட்டிக் கூடாரம். சிவப்பு உடுப்பு, தொங்கும் குஞ்சம் வைத்த தொப்பி என்று கோமாளி மாதிரிதான் இருப்போம். மருத்துவமனையில் கிடக்கும் பழைய வீரர்களைச் சிரிக்க வைப்பதுதான் முக்கிய வேலை. ஒருமுறை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெரியவர் ஒருவர், என் குஞ்சம் கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துத் திரும்பினார். அப்புறம் அரைமணி நேரம் என்னைப் பேசவே விடவில்லை.

யாரெல்லாம் சேரலாம்?

கௌரவமாகப் பணி முடித்திருக்க வேண்டும், அல்லது இன்னும் பணியில் இருக்கலாம். வெளிநாட்டுப் போர்க்களப் பணிக்கான பதக்கமோ அதற்கு ஈடான சான்றோ வேண்டும். கூட்டியில் சேர முதலில் வி.எஃப்.டபிள்யூ. உறுப்பினராக வேண்டும்.

மே மாதம் கடை வாசலில் சிவப்புப் பூ கொடுக்கிறார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?

அது வி.எஃப்.டபிள்யூ.வின் 'படி பாப்பி' (Buddy Poppy), 'தோழனின் பாப்பிப் பூ' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1922 முதல் கொடுக்கிறோம். மருத்துவமனைகளிலும் படைவீரர் இல்லங்களிலும் இருக்கும் ஊனமுற்ற, வசதியில்லாத வீரர்கள் கையால் கட்டும் பூ. அவர்களுக்குக் கூலி உண்டு. கிளைகள் அதை வாங்கி, நன்கொடை கேட்டுக் கொடுக்கின்றன. பூவுக்கு விலை கிடையாது, போடுவதைப் போடலாம். பணம் நிவாரணத்துக்குப் போகும். ஒரு பங்கு மிச்சிகனில் ஈட்டன் ராப்பிட்ஸில் உள்ள தேசிய இல்லத்துக்கு.

அது அநாதை இல்லமா?

அப்படி நினைத்துத்தான் நானும் போனேன். 1925-இல் கால்நடைப் பண்ணைக்காரர் ஒருவர் கொடுத்த 472 ஏக்கரில், போரில் கணவனை இழந்த பெண்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் தொடங்கியது. தாயையும் பிள்ளைகளையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். இப்போதும் அங்கே விடுதி அறைகள் இல்லை, தனித்தனி வீடுகள். வாசலில் சைக்கிள் சாய்ந்திருக்கும். சிக்கலில் இருக்கும் ராணுவக் குடும்பம் பிள்ளைகளோடு தங்கி, மூச்சு விட்டு, வழி பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.

கணவர் பணிக்காக வெளிநாடு போயிருக்கிறார், வாடகை பாக்கி. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள் தங்கச்சி. வி.எஃப்.டபிள்யூ.வின் 'அன்மெட் நீட்ஸ்' என்ற உதவி இதற்காகவே இருக்கிறது. கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். பணம் உங்கள் கைக்கு வராது, வீட்டு உரிமையாளருக்கோ மின்சார நிறுவனத்துக்கோ நேராகப் போகும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், ரசீதுகளைச் சேர்த்துவைத்து இப்போதே விண்ணப்பியுங்கள்.

முன்னாள் படைவீரரான என் மாமனாருக்கு அரசின் ஊனத் தொகை வாங்கித் தர ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

ஒரு காசு கொடுக்காதீர்கள். இந்த விண்ணப்பங்களுக்கு உதவவே இருக்கும் எங்கள் சர்வீஸ் ஆபீசர்கள் அதை இலவசமாகச் செய்கிறார்கள், உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சார், நிஜமாகச் சொல்லுங்கள், வி.எஃப்.டபிள்யூ. ஒரு குடிகாரர் கிளப்தானே?

பல கிளைகளில் பார் உண்டு, மறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து பாருங்கள், அதே மேசையில் மளிகைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்போம். ஒரு கை குறைகிறது, வாங்க.