ஃப்ரீஸர் மீனும் முந்தாநாள் குழம்பும்

ஜூன் 1 பிறந்தால் மேற்குக் கரையில் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சசூன் டாக் மீன் துறைமுகத்தில் கூட்டம் மெலியும், மும்பைத் தமிழர் வீட்டு ஃப்ரீஸரில் பொட்டலம் சேரும். தலோஜா பக்கம் ஓர் ஏற்றுமதி ஆலையில் இறாலுக்கும் கணவாய்க்கும் தரம் பார்த்தே 19 வருஷம் ஓட்டியவன் என்று இந்த மழைக்கும் கேள்வி கேட்க என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: உறைந்த மீனைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள்.

செம்பூர்: ஒரு கிலோ இறால் பாக்கெட். ஐஸ் போனதும் 750 கிராம்தான். ஏமாற்றா?

நல்ல கேள்வி அக்கா. இறாலை மைனஸ் 35, 40 டிகிரி குளிர்காற்றில் ஒவ்வொன்றாக உறைய வைத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்குவார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படியும். இதற்குக் கிளேஸிங் என்று பெயர். இந்தச் சட்டை இல்லாவிட்டால் ஃப்ரீஸர் காற்று ஈரத்தை உறிஞ்சி, இறால் வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆக ஐஸ் இருப்பது தப்பில்லை, அதை எடையில் சேர்ப்பதுதான் தப்பு. பாக்கெட்டில் ‘நெட் வெயிட்’ என்று போட்டிருப்பது ஐஸ் நீங்கிய எடையாக இருக்க வேண்டும். சல்லடையில் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுங்கள். விரலுக்கு ஐஸ் தட்டாமல் போனதும் நிறுத்தி, வடியவிட்டு, இறால் இன்னும் விறைப்பாக இருக்கும்போதே நிறுங்கள். அப்போதும் 750 என்றால் பில்லோடு கடைக்குப் போங்கள்.

முழுக்க உருகியபின் எடை பார்த்திருந்தால் கதை வேறு. பாஸ்பேட் கரைசலில் ஊறிய இறால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணெயில் போட்டதும் சட்டி குளமாகி, பெரிய இறால் சுண்டுவிரல் ஆகும். பாக்கெட்டின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள், இறாலும் உப்பும் மட்டும் இருந்தால் எடுங்கள். ‘31/40’ என்ற கவுண்ட், அதாவது 31 முதல் 40 இறால் என்ற எண்ணிக்கை, ஒரு பவுண்டுக்கு, அதாவது 453 கிராமுக்கு. கிலோவுக்கு என்று எண்ணிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

காட்கோபர்: சரியாக உருக்குவது எப்படி?

முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் மீன் தண்ணீர் கொத்தமல்லிக் கட்டில் சொட்டும். அவசரம் என்றால் கசியாத கவரில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். உருகியதும் சமைத்துவிட வேண்டும்.

காற்றை உறிஞ்சி ஒட்டிய வேக்குவம் பாக்கெட் என்றால் உருக வைக்கும் முன் கத்தரியால் ஒரு வெட்டு. காற்றில்லாத இடத்தில்தான் பொட்டுலினம் கிருமிக்குக் கொண்டாட்டம். மீனோடு வரும் அதன் ஒரு வகை 3.3 டிகிரியிலேயே வளரும். உங்கள் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடினாலே 4 டிகிரி.

மாட்டுங்கா: ராத்திரி மேடையில் வைத்தால் காலைக்குள் பதமாக உருகுகிறதே, என்ன கெட்டது?

நடுவில் ஐஸ் இருக்கும்போதே மேல்தோல் மும்பைச் சூட்டுக்கு வந்துவிடும். உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. நீங்கள் எழுப்பிவிடுகிறீர்கள்.

முலுண்ட்: உருக்கியாயிற்று, விருந்தாளி வரவில்லை. மறுபடி உறைய வைக்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியிருந்தால் வைக்கலாம், சதைதான் தொளதொளக்கும். குழம்பாக்கி உறைய வைத்தால் ருசி தங்கும். மேடையில் உருகியதென்றால் கேட்கவே வேண்டாம்.

சயான்: பாங்டா (அயிலை) வறுத்துச் சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து தலைவலி. மீன் அலர்ஜியா?

எங்கள் வீட்டிலும் நடந்தது. மச்சினன் மத்தியானம் வாங்கிய பாங்டாவை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு நகரமெல்லாம் சுற்றிவிட்டு ராத்திரி கொண்டுவந்தான். அயிலை, சூரை, சாளை மாதிரி மீனின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், அது அலர்ஜி மாதிரியே முகத்தைச் சிவக்க வைக்கும். பிறகு உறைய வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, நாற்றமும் இல்லாமல் இருக்கலாம். அலர்ஜியா இதுவா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தாராவி: எங்க அம்மா திருநெல்வேலியில் மீன் குழம்பை மண்சட்டியில் மூணு நாள் வெளியே வெச்சு ஊத்துவாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஃப்ரிட்ஜ், டிகிரின்னு பயமுறுத்துறீங்களே!

அண்ணாச்சி, நானும் தூத்துக்குடிதான். பழைய குழம்பை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்ட வாய்தான் இது. அம்மா சும்மா வைக்கவில்லை. ராத்திரி ஒரு கொதி, காலையில் ஒரு கொதி என்று சுண்ட வைத்தார்கள், கரண்டியைத் தவிர வேறெதையும் உள்ளே விடவில்லை. மீனும் அன்று காலை கரைக்கு வந்தது. உங்கள் சட்டிக்கு வருவது எத்தனை நாள் பயணம் செய்ததோ.

அந்தேரி: தாராவி அண்ணன் சொல்வதே சரி. புளி இருக்கும்போது கிருமி எப்படி வளரும்?

வெறும் புளிக்கரைசல் என்றால் ஒத்துக்கொள்வேன். தேங்காய் அரைத்து ஊற்றி, பத்துத் துண்டு மீனும் போட்டபிறகு அந்தப் புளிப்பை நம்ப முடியாது. துண்டுக்குள் புளி ஏறவே ஒரு ராத்திரி ஆகிறது, மறுநாள் ருசிக்குக் காரணமும் அதுதானே? அது ஃப்ரிட்ஜிலும் ஏறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சில கிருமி விட்டுப்போன நஞ்சு சாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள்.

வாஷி: மஞ்சளும் எலுமிச்சையும் தடவினால் போதும்தானே?

வாடைக்குப் போதும். கிருமிக்கு அடுப்புதான். நடுச்சதை 63 டிகிரி தொட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கண்ணாடி மாதிரித் தெரியும் சதை முழுக்க வெளுத்து, முள்ளை விட்டுப் பிரிய வேண்டும்.

டோம்பிவிலி: ஆறு மாத கர்ப்பம், எந்த மீன் தின்னலாம்?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள் தாயி. அரைவேக்காடு மட்டும் கூடாது.

போரிவிலி: மேடையில் ஃபேன் போட்டு உருக்கினால்?

மாட்டுங்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஃபேனுக்குத் தனிப் பதில் கிடையாது.

கல்யாண்: ஊருக்குப் போயிருந்தோம். நடுவில் கரண்ட் போயிருந்தால் எப்படித் தெரியும்?

கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

தாராவி: சரி, ஃப்ரிட்ஜிலேயே வைக்கிறேன். சட்டியோடு வைக்கலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. மண்சட்டி சூட்டை விடாது, நடுக்குழம்பு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலமான இரண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பிரித்து ஊற்றி வையுங்கள். காலையில் மறுபடி சட்டியில் ஊற்றித் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.