மசாலா பீர்: முதலில் பீரைத் தேடுங்கள்

மல்லி (கொத்தமல்லி விதை), ஏலக்காய், மிளகு போட்டுக் காய்ச்சிய கோதுமை பீரை எப்படி ருசி பார்ப்பது என்று பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகள், பதில்களோடு.

ஜெலுத்தோங்: அண்ணே, காசு கொடுத்து வாங்கினேன், மசாலா வாசமே வரல. ஏமாத்திட்டாங்களா?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்திருப்பீர்கள். 4 டிகிரியில் வாசனை எண்ணெய்கள் மேலே எழும்பாது. குளிர்ச்சியும் கேஸும் மட்டும்தான் நாக்குக்குத் தெரியும்.

ஒயின் கிளாஸ் போல வாய் குறுகிய கிளாஸை எடுத்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள். 330 மில்லி போத்தலில் பாதிக்கும் குறைவாக, 120 முதல் 150 மில்லி வரை ஊற்றினால் போதும். மேலே காலி இடம் இருந்தால்தான் வாசனை தங்கும். ஊற்றியதும் குடிக்காமல் முதலில் முகருங்கள். எலுமிச்சைத் தோல், பூ போல வந்தால் அது மல்லி (லினலூல் என்ற வாசனைப் பொருள்). மூக்குக்குள் குளிர்ந்தாற்போல் ஏறினால் ஏலக்காய் (சினியோல் என்ற வாசனைப் பொருள்).

ஒரு வாய் குடித்து, விழுங்கிய பிறகு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மிளகின் காரம் பைப்பரினால் வருவது. அது நுனி நாக்கில் நிற்காது, தொண்டையில் தாமதமாகத்தான் தட்டும்.

பிறகு கிளாஸை மேசையில் விட்டுவிடுங்கள். நம்ம ஊர் வெக்கையில் பத்து நிமிடத்தில் 10 டிகிரியை ஒட்டி வந்துவிடும். அப்போது குடிக்கும் வாய்தான் பரீட்சை. மசாலாவுக்கு அடியில் கோதுமையின் ரொட்டி மணமும் லேசான இனிப்பும் தெரிந்தால் நல்ல பீர். மசாலா மட்டும் நின்றால் அது கேஸ் ஏற்றிய கஷாயம்.

செந்தூல்: லேபிள்ல கிராம்பே இல்ல, ஆனா கிராம்பு வாசம் தூக்குது. எப்படி?

ஈஸ்ட் செய்யும் வேலை. கோதுமை பீருக்கான சில ஈஸ்ட் வகைகள் தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை வினைல் குவாயகாலாக மாற்றும். அதன் மணம் கிராம்புதான். கூடவே வாழைப்பழ வாசமும் வரும். ஜெர்மன் கோதுமை பீரில் மசாலா எதுவும் கிடையாது, ஆனாலும் இந்த இரண்டும் இருக்கும். பெல்ஜியத்தின் ஹூகார்டன் வகையில்தான் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள்.

நிஜக் கிராம்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும், பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்த மாதிரி. ஈஸ்ட் கிராம்பு மரக்க வைக்காது.

ஆயர் ஈத்தாம்: ஐஸ் போடலாமா?

வேண்டாம். தண்ணீராகும், கேஸும் போய்விடும். போத்தல் சூடாக இருந்தால் ஐஸ் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, அதில் கால் மணி நேரம் முக்கி வையுங்கள்.

பட்டர்வொர்த்: சோப்பு மாதிரி இருந்துச்சு. கெட்டுப்போச்சா?

முதலில் கிளாஸைச் சந்தேகப்படுங்கள். நுரை எழுந்த வேகத்தில் அடங்கினால் சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருக்கலாம். வேறு கிளாஸிலும் அதே ருசி என்றால் மல்லி அதிகம். அளவு மீறிய மல்லி சோப்பாகவும், சில சமயம் செலரித் தண்டாகவும் தெரியும். பட்டை அதிகமானால் வாய் உலர்ந்து துவர்க்கும்.

மசாலாவுக்குச் சம்பந்தமில்லாத பழுதுகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் காற்று பட்டுப் பழசானது; வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வைத்தால் இது சீக்கிரமே வரும். பச்சைப் போத்தலில் மரநாய் நாற்றம் என்றால் வெளிச்சம் பட்டது. வெண்ணெய் வாசம் என்றால் புளித்து முடியும் முன்பே அவசரப்பட்டிருக்கிறார்கள். மசாலாவைக் கூட்டி இவற்றை மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அதனால்தான் மசாலாவுக்கு அடியில் பீரைத் தேடச் சொல்வது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: வாழை இலைச் சாப்பாட்டோட சேருமா சார்?

ருசி பார்ப்பதென்றால் சாப்பாட்டுக்கு முன்னால். மிளகாய்க் காரத்தின் மேல் கேஸ் பட்டால் எரிச்சல் இன்னும் ஏறும், ஏலக்காய் காணாமல் போகும். தொட்டுக்கொள்ள உளுந்து வடை, அவித்த கச்சான் (நிலக்கடலை), காரமில்லாத முறுக்கு. சம்பாலைத் தள்ளி வையுங்கள். இடையிடையே குளிராத தண்ணீர் குடியுங்கள்.

கெப்போங்: வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாமா?

1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மலேசியாவில் காய்ச்சக்கூடாது. நாக்கைப் பழக்க அது தேவையும் இல்லை.

நசுக்கிய மல்லி 5 கிராமை 50 மில்லி வோட்காவில் இரண்டு நாள் ஊறவைத்து, கோப்பி வடிகட்டும் தாளில் வடியுங்கள். ஏலக்காய் அரிசிக்கும் மிளகுக்கும் இதே அளவில் தனித்தனிப் போத்தல். கிராம்பு மட்டும் 1 கிராம் போதும். மருந்துக்கடையில் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். 100 மில்லி சாதா லாகரில் (மசாலா இல்லாத வெளிறிய பீர்) மல்லிச்சாறு 1 மில்லி, ஏலக்காயோ மிளகோ 0.3, கிராம்பு 0.1. இந்த மல்லி அளவு 20 லிட்டர் பீருக்கு 20 கிராம் போட்டதற்குச் சமம். நல்ல பெல்ஜிய பாணிக்கு அது பொருத்தம்.

எதுவும் கலக்காத ஒன்றையும் சேர்த்து ஐந்து கிளாஸ். வேறொருவர் இடம் மாற்றி வைக்கட்டும், நீங்கள் முகர்ந்து மட்டும் கண்டுபிடியுங்கள். ஏலக்காயும் மல்லியும் குழம்பினால் ஏலக்காயை 0.2 ஆகக் குறைத்து மறுபடி பாருங்கள். அளவு கூடினால் இரண்டும் ஒரே பொதுவான 'மசாலா வாசம்' ஆகிவிடுகின்றன.

சுங்கை பூலோ பாதையில் தினமும் கார் ஓட்டுபவர்: மிளகு, ஏலக்காய் எல்லாம் உடம்புக்கு நல்லதுதானே?

அதற்கு ரசம் இருக்கிறது. 330 மில்லியில் 5 சதவீதம் என்றால் 13 கிராம் ஆல்கஹால். 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய 21. மசாலா இனிப்பு அந்த வித்தியாசத்தை மறைத்துவிடும், லேபிளைப் படியுங்கள். 2020 முதல் இங்கே ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். கிராப் பிடித்துப் போங்கள்.

பாலிக் புலாவ்: நம்ம ஜாதிக்காய் பீருக்கு ஒத்துவருமா?

வரும், ஆனால் எந்தப் பாகம் என்று பாருங்கள். பினாங்கில் ஜூஸும் ஊறுகாயும் போடுவது சதை. அதன் புளிப்பு வேறு கதை. பீருக்குக் கொட்டைதான் வேண்டும். வெளிறிய கோதுமை பீரில் அது எளிதாகத் தூக்கிவிடும். வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) போட்ட கறுப்பு பீரில் அடங்கி நிற்கும். வாங்கும் முன் சோதிக்க வேண்டுமானால், சாதா ஸ்டவுட்டை (கறுப்பு பீர் வகை) 10 டிகிரிக்கு வரவிட்டு, நுரையின் மேல் கொட்டையை இரண்டே இரண்டு தேய் தேய்த்து முகருங்கள். மூன்றாவது தேய்ப்பு வேண்டாம்.